திருவமுதிற் கண்ட உணவு வரலாறு

உயிரானது உடம்பிற் பொருந்தி வினைப்பயன் நுகர்ந்து பக்குவம் எய்துதற்கு உணவு துணையாவது. உணவின்றி உடம்பில்லை, உடம்பின்றி வழிபாடும் இல்லை. இதனை நன்குணர்ந்த நம் முன்னோர், உணவை நாச்சுவை ஒன்றே கருதும் பொருளாகக் கொள்ளாது, முதற்கண் இறைவனுக்குத் திருவமுதாகப் படைத்து, அடியார்க்கும் வறியார்க்கும் பகுத்தளித்து, எஞ்சியதனைத் தாம் உண்ணும் ஒழுக்கத்தினை மேற்கொண்டனர். அவ்வளவில் அமையாது, இறைவனுக்கு நாடோறும் படைக்கற்பாலன இவை, இவற்றின் அளவு இது, இவற்றிற்கு முதலாக வைத்த பொருள் இது என்று திருக்கோயிற் சுவர்களிலே கல்லில் வெட்டியும் வைத்தனர். அரசர்தம் போரும் வெற்றியும் அறிதற்கு மெய்க்கீர்த்திகள் துணைசெய்தல் போல, அக்காலத்து மக்கள் எவற்றை விளைத்தனர், எவற்றைச் சமைத்தனர், எவற்றை அரும்பொருளாக மதித்தனர் என்பவற்றை அறிதற்குத் திருவமுது பற்றிய இக்கல்வெட்டுக்கள் சிறந்த சான்றாவன.

இவற்றை ஆராய்தலாற் பயன் யாதோ எனின், கூறுதும். பெரியபுராண விரிவுரை நிகழுமிடத்து, இளையான்குடிமாற நாயனார் மனைவியார் கறி சமைத்த திறத்தை விரிப்பார் சிலர், மிளகாய் அரைத்ததும் தாளித்ததும் எல்லாம் கண்டார்போற் கூறி அவையோரை மகிழ்விப்பர். கேட்போரும் அதனை ஐயுறார். நாயனார் காலத்தே தமிழகத்தில் மிளகாய் உண்டோ என்னும் வினா எவர்க்கும் எழுவதில்லை. நாடோறும் உண்ணும் பொருளாதலின் அது தொன்றுதொட்டு நம்முடன் இருந்ததென்றே யாவரும் கருதுகின்றனர். இக்கருத்து உண்மையொடு பொருந்துமா என்பதனைக் கல்வெட்டைக் கொண்டு காண்போமாக.

பாண்டிநாட்டில் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் பண்டை நாளில் இளங்கோக்குடி எனப்பட்டது. அங்குள்ள திருப்போத்துடையார் திருக்கோயிலுக்கு 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் 290 காசு அளித்தான். முதல் அழியாமல் வைத்து, காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 2 கலமாக, 580 கலம் நெல் பலிசையாக அளந்து திருவமுது நடத்துமாறு அவ்வூர்ச் சபையாரிடம் அப்பொருள் ஒப்புவிக்கப்பட்டது. அக்கல்வெட்டுத் திருவமுதின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. பழவரிசி, பருப்பு, பசுவின் நெய், பசுவின் தயிர், வாழைப்பழம், சர்க்கரை என்பன அவற்றுட் சில. கறி வகையிலே காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்பன சொல்லப்படுகின்றன. இவற்றிற்கு மணமும் உறைப்பும் ஊட்டுவன மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தம்பரி என்னும் ஐந்து. இவை காயம் என்னும் பெயரால் வழங்கப்பட்டன. காயம் என்ற அளவிலே பெருங்காயத்தை மட்டும் நினைத்தல் பிற்கால வழக்கு என்பது இதனால் தெரியவருகின்றது.

இனிச் சோழநாட்டிற்கு வருவோம். 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் பல உள்ளன. அவற்றில் அரிசி, பருப்பு, நெய், தயிர், சர்க்கரை, வாழைப்பழம், மிளகு, சீரகம், கடுகு, புளி, உப்பு, வெற்றிலை, பாக்கு என்பவற்றோடு, படைத்தற்குரிய இலையும் சமைத்தற்குரிய விறகும் கூட மறவாது குறிக்கப்பட்டுள்ளன. மிளகு முதலிய சிறு பொருள்கள் ஆழாக்கு, செவிடு என்னும் நுண்ணிய அளவைகளால் அளக்கப்பட்டன. ஐந்து செவிடு கொண்டது ஓர் ஆழாக்கு. நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்பது பெயர். கூத்தப்பெருமான் திருப்பெயரையே முகத்தலளவைக்குச் சூட்டிய செயல், அளவிற் பிழைத்தல் இறைவன்பாற் பிழைத்தலாகும் என்று அக்காலத்தார் அஞ்சினர் என்பதனைக் காட்டுகின்றதன்றோ!

இத்துணை நுணுக்கமாக எழுதப்பட்ட பட்டியல்களில் மிளகாய் இல்லை. உருளைக்கிழங்கு இல்லை, நிலக்கடலையும் இல்லை. எழுதியோர் மறந்தனர் என்றல் அமையாது. விறகையும் இலையையும் மறவாதவர் உறைப்புப் பொருளை மறத்தல் யாங்ஙனம்? அவை அக்காலத்து இந்நாட்டில் இன்மையே காரணம் என்க.

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ முதலிய நாடுகளில் வாழ்ந்த பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்பே அதனைப் பயிரிட்டனர். 1492இல் கொலம்பசு மேல்கடல் வழியாக இந்தியாவை அடையக் கருதிப் புறப்பட்டபோது, அவர் தேடிய பொருள்களுள் ஒன்று நம் நாட்டு மிளகு. அவர் அடைந்த நிலம் இந்தியா அன்று. ஆண்டுக் கண்ட உறைப்புக் காயும் மிளகு அன்று. ஆயினும் தாம் தேடியதன் பெயரையே கண்டதற்கு இட்டனர் அவ்வழி வந்தோர். ஆதலின் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் மிளகின் பெயரே சிறிது திரிந்தும் திரியாதும் மிளகாய்க்கும் இன்றுவரை வழங்குகின்றது. 1498இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர், போர்த்துக்கேயர் கலங்களின் வாயிலாக மிளகாய் இந்நாட்டுக் கரையை அடைந்தது. நாயன்மார் காலத்திற்கும் அதற்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன.

சொல்லும் இவ்வரலாற்றிற்குச் சான்று பகரும். மிளகாய் என்பது மிளகு, காய் என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. மிளகுபோல் உறைக்கும் காய் என்பது பொருள். முன்னர் மிளகினை அறிந்த மக்கள், பின்னர் வந்ததொரு பொருளுக்கு இட்ட பெயர் இஃது என்பது வெளிப்படை. மலையாளத்தில் நேர்ந்தது இன்னும் வியப்பிற்குரியது. ஆண்டு முளகு என்னும் பழம்பெயரைப் புதிதாக வந்த மிளகாயே கவர்ந்து கொண்டது. மலைநாட்டின் தொன்மையான மிளகோ குருமுளகு என அடைகொடுத்துக் கூறப்படுவதாயிற்று. வடநாட்டிலும் மரீசம் என்னும் வடசொல்லின் வழிவந்த மிர்ச் என்பது மிளகாயைக் குறிக்க, மிளகு கரிய மிர்ச் ஆயிற்று. விருந்தாக வந்தவன் வீட்டுடையானாக, வீட்டுடையான் திண்ணைக்குப் பெயர்ந்தது போலும் இது.

மிளகாயொடு வந்தன பிறவும் பல. உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலைநாட்டது. கொய்யா, பப்பாளி, அன்னாசி என்பனவும் அக்கண்டத்துப் பழங்களே. அன்னாசி என்னும் பெயர் தென்னமெரிக்கப் பழங்குடியினர் சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் நாவழி நம்மை அடைந்தது. நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்றும் ஒரு பெயருண்டு. மணிலா என்பது பிலிப்பைன் தீவிலுள்ள துறைமுக நகராதலின், அப்பெயர் அக்கடலையின் கடல்வழியைக் காட்டுகின்றது. மக்காச்சோளம் என்னும் பெயர் கேட்பார்க்கு அரபு நாட்டு மக்காவை நினைப்பிக்கும். அதன் பிறப்பிடமோ மெக்சிக்கோ. மரவள்ளிக்கிழங்கும் தென்னமெரிக்காவினதே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசர், அரிசி கிடையாத காலத்து ஏழை மக்கட்கு உதவும் எனக் கண்டு அதன் பயிரைத் தம் நாட்டில் பரப்பினார். அயல்நாட்டுக் கிழங்கொன்று அந்நாட்டு வறியோர் பசியை ஆற்றிற்று.

இங்ஙனம் மிளகின் அரியணையை மிளகாய் கவர்ந்ததாயினும், மிளகு பண்டு உலகெங்கும் பெற்ற மதிப்பு அளவிடற்கரியது. எகிப்து நாட்டுப் பேரரசன் இரண்டாம் இராமசேசு கி.மு. 1213இல் இறந்தான். மருந்திட்டுப் பதப்படுத்தி வைக்கப்பட்ட அவன் உடலை இக்காலத்து அறிஞர் ஆராய்ந்தபோது, மூக்குத் துளைகளில் மிளகுமணிகள் வைக்கப்பட்டிருத்தலைக் கண்டனர். யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாட்டுத் தெரிவிக்கின்றது. அதற்கு உடன்பாடாக, உரோம நாட்டுப் பிளினி என்பார் முதல் நூற்றாண்டில் எழுதிய நூலில், ஆண்டுதோறும் 5 கோடி செசுடர்சு நாணயம் இந்தியாவிற்குச் செல்கின்றதென்று வருந்துகின்றார். கருமிளகு ஓர் இராத்தல் 4 தினாரியும் திப்பிலி ஓர் இராத்தல் 15 தினாரியும் விலை பெற்றன என்றும் அவர் குறித்துள்ளார்.

செங்கடற் கரையில் பெரெனிகே என்னும் பழந்துறை ஒன்று உண்டு. அங்குள்ள செராப்பிசு என்னும் தெய்வத்தின் கோயில் முற்றத்தை அகழ்ந்தபோது, இந்தியாவிற் செய்த பெரிய தாழி ஒன்று வெளிப்பட்டது. அதனுள் ஏறக்குறைய 7.5 கிலோகிராம் மிளகு, 2,000 ஆண்டுகளாகக் கெடாது கிடந்தது. தமிழெழுத்துப் பொறித்த மட்கல ஓடும் அவ்வூரிற் கிடைத்துள்ளது. அயல்நாட்டாரும் தம் கோயிலகத்தே சேமித்து வைத்தற்குரிய பொருளாக நம் நாட்டு மிளகைக் கருதினர் என்பது நினைந்து மகிழற்பாலது. 408இல் விசிகோத்தியர் தலைவன் அலாரிக்கு உரோம நகரை முற்றுகையிட்டு, அதனை விடுதற்குக் கேட்ட திறையிலே 5,000 இராத்தல் பொன்னும் 30,000 இராத்தல் வெள்ளியும் மட்டுமன்றி 3,000 இராத்தல் மிளகும் இருந்தது. பொன்னொடும் வெள்ளியொடும் ஒருங்கு வைத்து எண்ணப்பட்ட அப்பொருளைத்தான் நம் முன்னோர் செவிடும் ஆழாக்குமாக அளந்து இறைவனுக்குப் படைத்தனர்.

இவ்வளவிற் கேட்டோர், கல்வெட்டிலுள்ள பழம்பொருள் யாவும் இந்நாட்டிலே பிறந்தன என்றும், பின்வந்தன மட்டுமே அயலன என்றும் துணிதல் கூடும். அத்துணிவும் பிழையே. இளங்கோக்குடிக் கல்வெட்டுக் கூறும் காயம் ஐந்தனுள் மிளகு இம்மண்ணிற்கே உரியது. சீரகமும் கொத்தம்பரியுமோ மத்தியதரைக் கடலைச் சார்ந்த நாடுகளையும் மேற்காசியாவையும் தாயகமாகக் கொண்டவை. எகிப்து நாட்டில் 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டங்காமன் கல்லறையில் கொத்தமல்லி விதை கிடைத்தது. கொத்தம்பரி என்னுஞ் சொல், பாணினி முனிவர் ஆண்ட குசுதும்புரு என்னும் வடசொல்லின் வழிவந்தது. எனவே அது பாணினிக்கு முன்னரே இந்நாடு புகுந்து, வரகுணன் காலத்தே திருமடைப்பள்ளியிலும் இடம்பெற்றுவிட்டது என்க.

புளியின் செய்தியும் இத்தகையதே. அரபியர் அதனைத் தமர் ஹிந்தி என்றனர். இந்தியப் பேரீந்து என்பது அதன் பொருள். ஐரோப்பியரும் அப்பெயரையே திரித்து வழங்கினர். உலகம் முழுதும் இந்தியாவின் பெயராற் புளியை அழைப்ப, அம்மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று பயிர்நூலார் துணிந்துள்ளனர். மிகத் தொன்மையிலேயே அது இங்கு வந்து வேரூன்றியமையால், வந்தது என்பதனையே யாவரும் மறந்தனர்.

பெருங்காயத்தைத் தருஞ் செடி பாரசீகம், ஆப்கானித்தானம் முதலிய நாடுகளில் விளைவது. வெங்காயமும் பூண்டும் விலக்கும் நோன்புடையார் அடுக்களையிலும் நாடோறும் பயன்பட்ட அப்பொருளுக்கு, இந்நாட்டார் நெடுங்காலம் அயல்நாட்டையே எதிர்நோக்கி இருந்தனர். இமயமலைச் சார்பிலுள்ள லாகூல் பள்ளத்தாக்கில் அச்செடியைப் பயிரிடும் முயற்சி 2020இல்தான் தொடங்கப்பெற்றது. பழநியாண்டவர்க்குரிய பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், கற்கண்டு என்பவற்றொடு சேரும் பேரீச்சம்பழம் மேற்காசிய நிலத்துப் பழம். 2019இல் புவிசார் குறியீடு பெற்றுப் பழநிக்கே உரியதென உலகம் ஒப்புக்கொண்ட அவ்வமுதிலும் பாலைநிலத்துப் பழம் ஒன்று கலந்துள்ளது. அமுதிற் கமழும் பச்சைக் கருப்பூரத்திற்குப் பண்டு பேர்பெற்ற துறை சுமத்திரா தீவின் பாரூசு. அத்துறையை அடுத்த லோபுதுவாவில் தமிழ் வணிகராகிய திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பொறித்து வைத்தனர்.

கரும்பினும் இனிய சான்று வேறில்லை. அதன் முதற் பிறப்பிடம் நியூகினித் தீவு என்பர் ஆராய்ச்சியாளர். தமிழரோ கரும்பு பிறநிலத்திலிருந்து வந்ததென்பதனை மறைத்தாரல்லர். அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பினை இவ்வுலகிற் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டிலே போற்றுகின்றார். வந்த பொருளை வந்ததென்று கூறுதலை அவர் இழுக்காகக் கருதவில்லை. கொணர்ந்தாரைப் புகழுதற்குரிய பெருமையாகவே கொண்டார். அக்கரும்பின் விளைவாகிய சர்க்கரை, பின்னர் இந்நாட்டிலிருந்து பெயரொடும் பெயர்ந்து பாரசீகர், அரபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. அந்நாட்டார் இன்று சர்க்கரைக்கு வழங்கும் சொற்கள் சர்க்கரா என்னும் வடசொல்லின் வழிவந்தனவே. ஒரு கையாற் பெற்று மறுகையாற் கொடுத்த வரலாறே உணவின் வரலாறு.

இவற்றால் இருவேறு மயக்கங்கள் ஒழிகின்றன. இன்று நாம் உண்பன யாவும் தொன்மைக்காலந்தொட்டு நம்முடையனவே என்பது ஒரு மயக்கம். அயல்நாட்டிற் பிறந்தமை பற்றியே ஒரு பொருள் இழிந்ததாம் என்பது மற்றொரு மயக்கம். முன்னதனைக் கல்வெட்டிலே மிளகாய் இன்மை ஒழிக்கும். பின்னதனை அதே கல்வெட்டிற் சீரகம் உண்மை ஒழிக்கும்.

அங்ஙனமாயின், பல திருக்கோயில்களில் இன்றும் மிளகாயை விலக்கி மிளகினையே ஆளுதலும், சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்க்காமையும் என்னையெனின், அவை பழைமையைக் காத்து நிற்கும் மரபு என்று கொள்ளுதல் தகும். சந்திராதித்தர் உள்ளவரை நடக்க என்று வைத்த அறத்தின் பட்டியலில் யார் மாறுதல் செய்யத் துணிவர்? வீட்டு அடுக்களை காலத்தொடு மாறிற்று. திருமடைப்பள்ளி மாறாது நின்றது. ஆகலின் கோயிலில் அளிக்கப்பெறும் மிளகுப் பொங்கல் ஒரு பிடி, மிளகாய் வருமுன் தமிழர் உண்ட உணவின் சுவையை இன்றும் நாவிற்கு உணர்த்தும் நடமாடும் கல்வெட்டாகும். அதனை இழித்தோ விரைந்தோ மாற்றுவார், அறியாமலே ஒரு வரலாற்று ஆவணத்தை அழிப்பவராவர்.

இனி, முதலில் எழுந்த வினாவிற்கு விடை காண்போம். இளையான்குடிமாறர் மனையில் மிளகாய் இல்லை. அந்நாளில் இந்நாட்டில் எவர் மனையிலும் இல்லை. வறுமை மிக்க அம்மனையிலோ அரிசியும் இல்லை. மழை பொழியும் நள்ளிரவில் வயலில் அன்று விதைத்த வித்தினை வாரிக்கொணர்ந்து, கூரையின் வரிச்சினை அறுத்து விறகாக்கி, முற்றாத கீரையைப் பறித்து வந்து தந்தார் நாயனார். அக்கீரை ஒன்றையே பலவகைக் கறியாகச் சமைத்தனர் அம்மையார். அரிவாட்டாய நாயனார் படைத்தன செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும். கண்ணப்பர் படைத்ததோ ஆகமம் உடன்படாத ஊன். சிவகோசரியார் அது கண்டு நடுங்கினார். இறைவன் அதனை ஏற்றருளினான். இவற்றுள் எதனையும் சுவைப்பொருள் சேர்த்துச் சிறப்பித்தல் வேண்டா. இல்லாத மிளகாயை இளையான்குடி மனையிற் கொண்டுவந்து பெய்யுமிடத்து, அம்மனையின் வெறுமை மறைகின்றது. அது மறையவே, அன்பின் பெருமையும் உடன் மறைகின்றது. வரலாற்றுப் பிழை ஈண்டுப் பொருட்பிழையும் ஆதல் காண்க.

ஆதலின், தொண்டர் வரலாறு கூறுவோர் அக்காலத்து உணவினை அக்காலத்துச் சான்றுகொண்டே கூறுதல் கடன். திருக்கோயில்களை மேற்பார்ப்போர், வெள்ளையடித்தும் மணல்வீச்சிட்டும் கல்வெட்டினை அழியவிடாது காத்தலும், மடைப்பள்ளியில் வழிவழி வரும் பழைய அளவும் முறையும் அறிந்த முதியோர் உள்ளபோதே அவற்றை எழுதி வைத்தலும் வேண்டும். எப்பொருள் எந்நாட்டிற் பிறப்பினும் அது விளைந்த நிலமும், நனைத்த நீரும், முளைப்பித்த ஆற்றலும் இறைவனுடைமை. அவனுக்குப் படைத்துப் பசித்தோர்க்கு ஈந்த அளவிலே அப்பொருள் திருவமுதாகின்றது. அங்ஙனம் ஈந்த முன்னோர் இன்னது படைத்தோம் என உண்மையைக் கல்லில் எழுதிச் சென்றனர். அவ்வுண்மையைப் பிழையாது படித்தல் அவர்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.

திருச்சிற்றம்பலம்.